கடைக்காவல் சுதாபே

ஹமதானில் மலையைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் 'நாளைக்கு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'சனிக்கிழமையிலிருந்து' என்பார்கள். அங்கே வாரம் பிறப்பது சனிக்கிழமை. அதனால் உடம்பு இளைக்கத் தொடங்குவதும் சனிக்கிழமைதானாம். சனிக்கிழமையிலிருந்து ஓடப் போகிறேன், சனிக்கிழமையிலிருந்து சோறு பாதிதான், சனிக்கிழமையிலிருந்து லிஃப்ட் பக்கமே போக மாட்டேன். அந்தச் சனிக்கிழமையும் வரும். வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துவிட்டுப் போய்விடும்.

உடற்கல்வி அங்கே கட்டாயப் பாடம். அதில் தேறாமல் பட்டம் கிடையாது. இருந்தும் வகுப்பு நாளில் பார்த்தால், மைதானத்தில் நிற்பவர்களைவிட ஓரத்துப் பெஞ்சில் மருத்துவச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு முதுகு, ஒருத்திக்கு வெயிலில் நின்றாலே தலைசுற்றல். சீட்டை நம்பினால் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டும். அதே முழங்கால்கள் கல்யாண வீட்டில் விடிய விடிய ஆடும், அது வேறு கதை. உடற்பயிற்சிக் கூடம் ஒற்றைப்படை நாட்களில் பெண்களுக்கு, இரட்டைப்படை நாட்களில் ஆண்களுக்கு. பெண்கள் நாளில் அங்கே உண்மையாக உழைப்பது சுவர்க் கண்ணாடி ஒன்றுதான்.

இத்தனை பேருக்கும் நடுவில் சுதாபே ஒருத்தி. மூன்றாம் வருஷம், மண்ணியல் படிப்பு, மலாயேர்க்காரி. அப்பா மேஜை நாற்காலிகளுக்கு மெருகு போடுகிறவர். வீட்டில் நான்கு பெண்கள், இவள் மூன்றாவது. மூத்தவள் அழகி. இரண்டாவது படிப்பாளி, டாக்டருக்குப் படிக்கிறாள். கடைக்குட்டி எல்லாருக்கும் செல்லம். இவளுக்கு என்று எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அம்மா மூத்தவளை அழைத்துக் காட்டுவாள், இரண்டாமவளைப் பற்றிப் பேசுவாள், கடைசியில், "சுதாபே, அந்த கேஸ் சிலிண்டரைக் கொஞ்சம் தூக்கிட்டு வாடி" என்பாள். பத்து வயதிலேயே அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விருந்தாளிகள், "அடேங்கப்பா, என்ன பலம்!" என்றார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் அந்த ஒரு வார்த்தையை. அக்காவின் கண்ணையும் புருவத்தையும் பார்த்து ராத்திரி போர்வைக்குள் அழுத பிள்ளை, அதற்கப்புறம் விடியலில் எழுந்து ஓட ஆரம்பித்தாள்.

பொறாமை அவளுக்குப் புதுசில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கூடவே பிறந்தது, கூடவே ஓடியது.

விடுதிக்கு வந்தபோது அவளுக்கு ராஜபாட்டை. ஓட்டக்காரி அவள் ஒருத்திதான். உடற்கல்வி ஆசிரியை ஸொஹ்ராபி, பிள்ளைகள் 'உஸ்தாத்' என்று அழைப்பார்கள், வெள்ளிக்கிழமை தோறும் பெண்களை மலைக்கு அழைத்துப் போகிறவர். முதல் வருஷமே சுதாபேயை முன்னோடியாகப் போட்டார். மலைக்குழுவில் முன்னோடி என்றால் சாதாரணமா? வரிசைக்கு முதலில் நடப்பவள். அவள் வைத்த வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவளைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது, உஸ்தாத் உட்பட. வரிசையின் கடைசியில் இன்னொருத்தி, கடைக்காவல். அவள் கழுத்தில் விசில் தொங்கும். பின்னாலிருந்து விசில் வந்தால் முன்னால் எவளும் நகரக் கூடாது. பின்தங்கியவளோடு நிற்பது, செருப்பு அறுந்தவளுக்குக் கயிறு கட்டுவது, வாந்தி எடுப்பவளின் தலையைப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. பெண்கள் அதற்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாலாக இருக்க யாருக்கு ஆசை?

சுதாபே முன்னால் நடந்தால் அது நடையில்லை, தண்டனை. மேலே ஆட்டு மேய்ச்சல் வெளியில் ஒரு தங்கும் குடில் உண்டு. அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். கழன்றவர்கள் எத்தனை பேர் என்று அவள் திரும்பிப் பார்ப்பாள், ஒரு சந்தோஷத்தோடு.

"உடம்பை வளர்த்து வெச்சிருக்கீங்களே தவிர, மூச்சை வளர்க்கலையேடி," என்பாள்.

அவள் அறையில் இருந்த ராஹிலேயும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். நல்ல பருமன், அதைவிட அதிகம் கூச்சம். கூடத்தின் கண்ணாடிக்கு முன்னால் நிற்கக்கூட மாட்டாள். முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி, பாறையில் உட்கார்ந்துவிட்டாள். சுதாபே மேலே இருந்து, "என்ன ராஹிலே, சனிக்கிழமை வந்துடுச்சா?" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. ராஹிலேயும் சிரித்தாள். அப்புறம் இறங்கிப் போய் மினிபஸ்ஸில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் மலைப்பக்கமே தலைவைக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் பரஸ்தூ அவர்கள் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

ரஷ்த்காரி. மழைக்கும் பூண்டுக்கும் பேர்போன ஊர். பெட்டியைத் திறந்தால் துணிமணிக்கு முன்னால் ஊறவைத்த ஆலிவ் காய் டப்பா வரும். மாதுளைச் சாறும் வால்நட்டும் போட்டு அரைத்தது. அறை முழுக்க மணக்கும். சிரிப்பும் அப்படித்தான், மாடிக்குக் கேட்கும். உடற்கல்விக்கு இரண்டு முறை மட்டம் போட்டுக் கோட்டை விட்டவள். மூன்றாவது தடவையும் போனால் பட்டம் தள்ளிப்போகும்.

"சுதி, என்னைக் காப்பாத்துடி," என்று கட்டிலில் விழுந்து கெஞ்சினாள். "எனக்கு மாடிப்படி ஏறினாலே மறுநாள் லீவு வேணும். எப்படியாவது என்னை ஓட வெச்சிடு."

சுதாபேக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டத்திலேயே பெரிய சோம்பேறி தன் காலில் விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? விடியலில் அவளைப் போர்வையோடு இழுத்துப் போட்டாள். ஷூ கயிறு எப்படிக் கட்டுவது, ஏற்றத்தில் மூச்சை எப்படி விடுவது, இறக்கத்தில் குதிகாலை எப்படி ஊன்றுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பரஸ்தூ திட்டிக்கொண்டே ஓடினாள். "உன் குடும்பம் நல்லா இருக்குமா? இந்நேரத்துக்கு நாய்கூட எழுந்திருக்காது." சுதாபே உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே அவளை அதட்டினாள்.

பனி உருகுவதற்குள் கதை தலைகீழ் ஆனது.

கஸ்பியன் கடலில் விழுந்து புரண்டு வளர்ந்த நுரையீரல் என்று பிற்பாடு பரஸ்தூவே சொன்னாள். இத்தனை வருஷம் அதை அவள் பூண்டு வாசனைக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறாள். இப்போது ஏற்றத்தில் சுதாபே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால், பக்கத்தில் பரஸ்தூ தன் அத்தை வீட்டுச் சண்டையைக் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். மூச்சு வாங்காது. நடுவில் நின்று பூப் பறிப்பாள், பாதாம் மெல்வாள், அப்புறம் ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள். அவளாகவே முந்துவதில்லை. முந்த முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதுதான் சுதாபேயைக் கொன்றது. வருஷக்கணக்காக உயிரைக் கொடுத்துச் சேர்த்ததை ஒருத்தி விளையாட்டாக எடுத்துக்கொண்டு போகிறாளே, இது எந்த ஊர் நியாயம்?

வயிறு எரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் எரிந்தது, படுக்கும்போதும் எரிந்தது. பரஸ்தூவுக்கு யார் யார் வணக்கம் சொல்கிறார்கள், எத்தனை பேர் அவள் தோளில் கைபோட்டுக்கொள்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளை எழுப்பாமல் பூனை மாதிரி கிளம்பிப் போனாள். மினிபஸ் மலையடிவாரத்தில் போய் நின்றால், அங்கே பரஸ்தூ! டாக்ஸி பிடித்து முன்னாலேயே வந்து, சூடாக ஒரு கட்டு சங்கக் ரொட்டியும் வாங்கி வைத்திருக்கிறாள், எல்லாருக்கும்.

"என்னை எழுப்பி எழுப்பி அலுத்துட்டே, இல்லையா? பாவம் நீ," என்றாள் சுதாபேயிடம், ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்து நீட்டி. சுதாபே அதைத் தின்றாள். மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது.

விடுதி சும்மா இருக்குமா? ஒருநாள் தேநீர் ஊற்றும்போது ராஹிலே வெள்ளந்தியாகக் கேட்டே விட்டாள்: "ஏண்டி சுதி, உனக்குப் பரஸ்தூ மேல ஏதாவது காண்டா? மாடியில எல்லாரும் பேசிக்கிறாங்க."

"எனக்கா? பொறாமையா? அவ என் தங்கச்சி மாதிரிடி! ஓடக் கத்துக்கொடுத்ததே நான்தானே!" என்று சுதாபே சிரித்தாள். சிரித்த வாய் சிரித்தபடி, காது மட்டும் சூடாகிப்போனது. அன்றைக்கே முடிவு பண்ணினாள். எல்லாரும் பார்க்கும்படி பெருந்தன்மையாக ஏதாவது செய்து, இந்தப் பேச்சை வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

வாய்ப்பும் வந்தது. வசந்தத்தின் கடைசியில் அல்வந்த் உச்சிக்கு ஏறுவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஏற்றம். மற்ற வெள்ளிக்கிழமைகள் எல்லாம் குடிலோடு சரி. உச்சிப் பாறையில் முன்னோடி கொடியைப் பிடித்து நிற்கும் படம் பல்கலைக்கழக வாசலில் ஒரு வருஷம் முழுக்கத் தொங்கும். இரண்டு வருஷமாக அங்கே தொங்குவது சுதாபேயின் முகம். மலாயேரிலிருந்து அம்மா வந்தபோது அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அக்கா பேச்சை அன்றைக்கு எடுக்கவே இல்லை. சுதாபேக்கு அந்த ஒரு படம்தான் சொத்து. அதை இழந்தால் மறுபடி கேஸ் சிலிண்டர்தான்.

கூடத்து அறையில் உஸ்தாத் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "அப்புறம் சுதாபே கண்ணு, வழக்கம்போல முன்னோடி நீதானே?"

அந்த நாட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. எதையும் கேட்டவுடன் வாங்கிக்கொண்டால் அநாகரிகம். டாக்ஸிக்காரர்கூட "பணம் வேண்டாங்க, நீங்க வந்ததே போதும்" என்பார். நாம் விடக் கூடாது, வற்புறுத்த வேண்டும், அப்புறம் அவர் வாங்கிக்கொள்வார். தாரோஃப் என்பார்கள். வேண்டாம் என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும், எதிராளி விடாமல் கெஞ்ச வேண்டும், கடைசியில் போனால் போகிறதென்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அங்கே இது தெரியும்.

சுதாபே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ உஸ்தாத், நானா? பரஸ்தூ இருக்கும்போது நான் எதுக்கு? அவ மூச்சு என்ன, என் மூச்சு என்ன! அவ முன்னால போகட்டும். நான் அவ கால்தூசி."

எல்லார் முகத்திலும் ஒரு ஆச்சரியம். ராஹிலேக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாபே அந்த முகங்களைப் பார்த்துப் பூரித்துப் போனாள். இனி உஸ்தாத் 'அதெல்லாம் முடியாது' என்று சொல்ல வேண்டும். சொல்வதற்காக அவர் வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் போன் மணி அடித்தது. அவர் எடுத்து, பஸ்காரரோடு பெட்ரோல் தகராறில் இறங்கிவிட்டார்.

பரஸ்தூவாவது முறை தெரிந்தவளாக இருந்தாள். "சேச்சே, என்னடி பேச்சு இது. நான் நேத்து வந்தவ. நீதான் போகணும்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். 'சரி, நீங்க எல்லாரும் சொல்றீங்க' என்று இழுத்திருக்கலாம். ஆனால் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டால் பெருந்தன்மை நாறிவிடாதா? இன்னொரு சுற்று வேண்டும். பார்க்கிற கூட்டமோ வாயைப் பிளந்து பார்க்கிறது. சுதாபேக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. பாய்ந்துபோய்ப் பரஸ்தூவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் பொணத்து மேல ஆணை, நீதான் போகணும்!" என்றாள்.

அந்த ஆணை அங்கே சாதாரணமாக வாயில் வருவதுதான். ஒரு வாய் சோறு கூடப் போடுவதற்கும் சொல்வார்கள். ஆனால் சொன்ன பிறகு எதிராளி மறுக்க முடியாது.

பரஸ்தூ அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இறுகக் கட்டிக்கொண்டாள். "ஆணை போட்டுட்டியே. சரிடி. உனக்காகப் போறேன்," என்றாள்.

உஸ்தாத் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன முடிவாச்சு?"

"பரஸ்தூ முன்னால போறா, உஸ்தாத்! சுதாபே ஆணை போட்டு விட்டுக்கொடுத்துட்டா!" என்று பத்துக் குரல்கள்.

"பலே! இந்த மனசு யாருக்கு வரும்? அப்ப சுதாபே கடைக்காவல். அனுபவசாலி பின்னால இருந்தா எனக்கும் நிம்மதி," என்று விசிலை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். கூட்டம் கைதட்டியது. சுதாபே சிரித்தபடி தலைகுனிந்து நின்றாள். 'போன் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால்' என்று பஸ்காரரை, அவர் பஸ்ஸை, பெட்ரோல் போட்டவனை, எல்லாரையும் மனசுக்குள் சபித்தாள். பரஸ்தூவை மட்டும் தனியாக, நிதானமாகச் சபித்தாள். ஏண்டி, ஒரு பேச்சுக்குச் சொன்னால் எடுத்துக்கொண்டுவிடுவதா? இத்தனை நாளும் அலைந்துகொண்டிருந்தாயா இதற்கு?

ஏற்றத்து நாள். விடிந்ததும் மலையடிவாரத்து அருவிப் பக்கத்திலிருந்து வரிசை கிளம்பியது. முன்னால் பரஸ்தூ, நடுவில் உஸ்தாத், கடைசியில் சுதாபே. அவளுக்கு ஓரடி முன்னால், யாரும் எதிர்பார்க்காத ஆள், ராஹிலே.

"நீ எப்படிடி வந்தே?" என்றாள் சுதாபே எரிச்சலோடு.

"பரஸ்தூ கூப்பிட்டா. 'மெதுவாத்தான் போவேன், நீ வா'ன்னா. அப்புறம் நீ பின்னால இருக்கேன்னு தெரிஞ்சதும் தைரியம் வந்துச்சு. நீதான் விட்டுக்கொடுக்கிற ஆளாச்சே."

சுதாபே கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள்.

பரஸ்தூ சொன்னபடி மெதுவாகத்தான் நடந்தாள். பாட்டுப் பாடிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. வழக்கமாகக் கழன்றுகொள்கிறவர்கள் ஒருத்திகூடக் கழலவில்லை. மருத்துவச் சீட்டு முழங்கால்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. குடிலுக்கு வந்து சேர்ந்தபோது ஒட்டுமொத்த வரிசையும் அங்கே நின்றது. உஸ்தாத்துக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. "இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்லையே!" என்றார். அந்த வார்த்தை சுதாபேயின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி விழுந்தது. இத்தனை வருஷம் என்றால் அது யாருடைய வருஷம்?

குடிலுக்கு மேலே பாதை செங்குத்து. அங்கங்கே பழைய பனி கிடந்தது. சுதாபேயின் மனசில் ஒரு படம் வந்து வந்து போனது: உச்சிப் பாறை, கொடி, பரஸ்தூவின் பல் தெரியும் சிரிப்பு, அது வாசலில் ஒரு வருஷம் முழுக்க. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்க வேண்டும். அம்மா வந்தால், 'உன் படம் எங்கேடி?' என்பாள். நினைக்கவே முடியவில்லை.

அப்போது ராஹிலேக்கு மூச்சு முட்டியது. சுதாபே வேண்டாவெறுப்பாக விசிலை ஊதினாள்.

வரிசை நின்றது. நின்றதென்றால் அப்படியே நின்றது. மேலே தூரத்தில் பரஸ்தூ எடுத்த காலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். கடைக்காவல் கை காட்டும்வரை அவள் நகர முடியாது. சுதாபேக்கு அப்போதுதான் உறைத்தது. ஓஹோ, இப்படி ஒன்று இருக்கிறதா?

உஸ்தாத்தின் கண்டிப்பு எல்லாருக்கும் தெரியும். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இறக்கம்தான். பிற்பகலில் அல்வந்த் மேகத்தை நம்ப முடியாது. பாங்கு நேரம்வரை இழுத்தடித்தால் போதும். கொடியும் கிடையாது, படமும் கிடையாது.

அதற்கப்புறம் சுதாபேயின் வாயில் தேன் ஒழுகியது.

"ராஹிலே கண்ணு, முகம் வெளுத்த மாதிரி இருக்கே. உக்காரு."

"இல்ல சுதி, இப்ப பரவாயில்ல. போலாம்."

"உக்காருன்னா உக்காரு. எனக்குத் தெரியாதா? இந்தா, தண்ணி குடி. அவசரமே இல்ல." விசில்.

கொஞ்சம் நடந்தார்கள். "உன் ஷூவுல கல்லு இருக்கா? நொண்டுற மாதிரி தெரியுது. கழட்டு, பாப்போம்." விசில். கல் எதுவும் இல்லை. சுதாபே அந்த ஷூவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், உள்ளே கைவிட்டுத் தடவினாள், கயிற்றை உருவி முதலிலிருந்து கோத்தாள். மேலே எல்லாரும் பாறையில் சாய்ந்து காத்திருந்தார்கள். பரஸ்தூ வாயைக் குவித்து, "பின்னால சுகமா?" என்று கத்தினாள்.

"சுகம்! இரு!" என்று இவள் கத்தினாள்.

"எனக்காக எல்லாரும் நிக்கிறாங்களேடி, வெக்கமா இருக்கு," என்றாள் ராஹிலே.

"நிக்கட்டும்டி. உன்னைவிட அவங்களுக்கு என்ன பெரிய வேலை?"

பேரீச்சம்பழம் ஊட்டினாள். முதுகைத் தடவினாள். கையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டாள்: உன் ஊர் எது, தம்பி என்ன படிக்கிறான், சின்ன வயசில் ஓடியிருக்கிறாயா? ஓடியதே இல்லையாம். ஒன்பது வயதில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா எல்லார் முன்னாலும் 'நீ ஓடினா தரை அதிரும்' என்றாளாம், அன்றோடு சரியாம். சுதாபே 'உம்' கொட்டிக்கொண்டே சூரியனைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும். ராஹிலே பேசட்டும், நன்றாகப் பேசட்டும்.

உச்சியின் பெரிய பாறைகள் தெரிந்தன. பெண்கள் கூச்சல் போட்டார்கள். சுதாபே கடைசியாக ஒருமுறை விசில் ஊதினாள். ராஹிலேயின் தலைத்துணி அவிழ்ந்திருந்ததாம், ஊசி குத்த வேண்டுமாம். ஊசி குத்தி முடிப்பதற்குள் உஸ்தாத்தின் போனில் பாங்கு ஒலித்தது.

"அவ்வளவுதான் பிள்ளைகளா. இறக்கம்," என்றார் உஸ்தாத்.

சுதாபே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். இப்போது அழுவார்கள், புலம்புவார்கள், 'சுதாபே முன்னால் போயிருந்தால் எப்போதோ சேர்ந்திருப்போம்' என்று ஒருத்தியாவது சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருத்தியும் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே துணியை விரித்தார்கள். அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, வெள்ளரி, பரஸ்தூவின் ஆலிவ் டப்பா எல்லாம் வெளியே வந்தன. யாரோ தட்டில் தாளம் போட, பனி மேலேயே இரண்டு பேர் ஆட ஆரம்பித்தார்கள். சுதாபே பரஸ்தூவின் முகத்தில் துளி ஏமாற்றமாவது தெரிகிறதா என்று தேடினாள். முட்டையை வாயில் அடைத்துக்கொண்டு பரஸ்தூ, "மலை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷமும் இங்கதான் இருக்கும்," என்றாள். வயிற்றெரிச்சல் தீரும் என்று பார்த்தால், இன்னும் ரெண்டு விறகு சேர்த்துப் போட்ட மாதிரி ஆயிற்று.

மினிபஸ்ஸில் ஏறியதும் உஸ்தாத் எழுந்து நின்றார். "வாசல்ல மாட்ட இந்த வருஷம் உச்சிப் படம் கிடையாது. பரவாயில்ல. குடில் முன்னால எல்லாரும் நின்ன படம் எடுத்திருக்கேன், அதை மாட்டலாம். இவ்வளவு பேர் மேல வந்ததே இல்ல. பரஸ்தூ முன்னோடியாவே இருக்கட்டும். கடைக்காவல்..."

"சுதாபே!" என்று கத்தினாள் ராஹிலே. கூச்சத்தில் வாயே திறக்காதவள் சீட்டிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெயிலில் சிவந்து, கண்ணில் தண்ணீர். "உஸ்தாத், அவ பின்னால இருந்தாத்தான் நான் வருவேன். உங்களுக்கெல்லாம் தெரியாது. எத்தனை தடவை எனக்காக விசில் ஊதினா தெரியுமா? நானே போலாம்னாலும் விடல. தண்ணி கொடுத்தா, ஷூ மாட்டிவிட்டா, என் கதையெல்லாம் கேட்டா. என் உடம்பைப் பார்த்து முகம் சுளிக்காம யாரும் இப்படி எனக்காக நின்னதே இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன், எல்லா வெள்ளிக்கிழமையும் வருவேன்."

பஸ் முழுக்கக் கைதட்டல். உஸ்தாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஹிலே தள்ளாடி வந்து சுதாபேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சுதாபேக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அவளைப் பிடித்து விலக்கிவிட்டு, உரக்கச் சொல்லிவிட்டாள்.

"நிறுத்துடி. உனக்காக ஒண்ணும் இல்ல. உன் மேல எனக்கு இரக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பரஸ்தூ உச்சிக்குப் போயிடக் கூடாதுன்னுதான் ஊதினேன். பொறாமையில ஊதினேன். உன் ஷூவுல கல்லே இல்ல. கேட்டுக்கோ."

பஸ்ஸில் தலைகள் எல்லாம் திரும்பின.

அப்புறம் ராஹிலே சிரித்தாள். கண்ணீரோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பாருங்க உஸ்தாத், பாருங்க! நல்லது பண்ணினேன்னு ஒப்புக்கவே மாட்டா! என்ன தாரோஃப்டி இது, தன்னையே திட்டிக்கிட்டு!" பஸ்ஸே சிரித்தது. "சரி சரி, உன்னைப்போல அடக்கம் யாருக்கு வரும்," என்றார் உஸ்தாத். யாரோ அவள் மடியில் ஒரு கைப்பிடி வால்நட்டைக் கொட்டினார்கள். இரண்டு கன்னத்திலும் முத்தம் விழுந்தது.

"சத்தியமா சொல்றேன்," என்றாள் சுதாபே. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

பரஸ்தூ மட்டும் சிரிக்கவில்லை. சீட்டுகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்புச் சத்தம் அடங்கும் முன்பே சுதாபேயின் காதருகில் குனிந்தாள்.

"நான் நம்புறேன், சுதி," என்றாள். "அன்னைக்கு நீ ஆணை போட்டப்பவும் நம்பினேன்."

பிறகு போய் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.